கிராமத்துக் குருமனையை இடிக்கத்தான் வேண்டுமா? ஆல்ஃப்ரிஸ்டன் வீட்டிலிருந்து ஒரு கேள்வி

பெரம்பூர்_தேரிக்காடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். பேச்சை இங்கிலாந்திலிருந்து ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு முடிவு தெரிய வேண்டியது நம்ம பக்கத்து வீடு ஒன்றைப் பற்றி.

கிழக்கு சசெக்ஸில் கக்மியர் ஆற்றோரம் ஆல்ஃப்ரிஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். ஊர்ப் பொதுப் புல்வெளியை ஒட்டிப் பெரிய தேவாலயம், அதன் பக்கத்தில் கூரை வேய்ந்த ஒரு பழைய வீடு. 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பல தலைமுறைகளாக அந்த ஊர்க் குருமார்களுக்கு உரிய வீடாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எப்போது விழுமோ என்ற நிலைக்கு வந்துவிட்டது. அப்போது அங்கே குருவானவராக இருந்த பெய்னன், இதை யாராவது காப்பாற்றுங்கள் என்று வெளியூர் ஆட்களிடமெல்லாம் கேட்டார். பழைய இடங்களைப் பாதுகாக்க 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 1896இல் அதை வாங்கியது. விலை 10 பவுண்டு. டிரஸ்ட் வாங்கிய முதல் கட்டடமே அதுதான்.

என்னை அசைத்த விஷயம் இது: முதல் கட்டடமாக ஒரு கோட்டையை வாங்கவில்லை, பிரபுவின் மாளிகையை வாங்கவில்லை. பெயர் பெற்ற யாரும் அங்கே பிறக்கவில்லை. ஊர்ச் சாமியார் குடியிருந்த கூரை வீடு. அதன் கட்டுமானத்துக்காக மட்டுமே வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே, செம்மண் தேரி ஓரம். எங்கள் சேகரத்துக்கு, அதாவது திருச்சபை வட்டத்துக்கு, குருமனை ஒன்று இருக்கிறது, குருவானவர் குடும்பம் குடியிருக்கக் கட்டிய வீடு. முன்னால் உருண்டைத் தூண் வராண்டா, உள்ளே ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு உயரமான அறைகள், மேலே மெட்ராஸ் டெர்ரஸ் என்கிற செங்கல் சுண்ணாம்புத் தளம். சமையல்கட்டு பின்னால் தனியாக, நடுவில் ஓடு போட்ட நடைபாதை. குருவானவர் ஐயாவும் அவர் மனைவி அம்மாவும் புது வீட்டுக்குப் போனபிறகு பூட்டிக் கிடக்கிறது. ஒரு அறையில் ஒழுகுகிறது. அதை வைத்து, இடித்துவிட்டு மண்டபம் கட்டலாம் என்று கமிட்டியில் பேச்சு. என்னைப் போலச் சென்னையில் இருக்கிறவர்களிடம் நன்கொடை கேட்டுக் கடிதமும் வந்துவிட்டது. இடிப்பதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லக் காரணம் வேண்டுமல்லவா? இங்கே கட்டடம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

---

சுண்ணாம்புக்_கலயம்

நல்ல இழை தம்பி. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் தொழில், அதனால் முதலில் ஆல்ஃப்ரிஸ்டன் வீட்டைப் பற்றியே கொஞ்சம் சொல்கிறேன். அந்த வீட்டின் அமைப்பு தெரிந்தால் உங்கள் வீட்டை எப்படிப் பார்ப்பது என்பதும் பிடிபடும்.

அது வீல்டன் வகை வீடு. கென்ட், சசெக்ஸ் பக்கம் வீல்ட் என்ற பகுதியில் நிறைய இருப்பதால் அந்தப் பெயர். முன்னால் நின்று பார்த்தால் மூன்று பங்காகப் பிரியும். நடுவில் கூடம், தரையிலிருந்து கூரை முகடு வரை ஒரே வெளி, மாடி கிடையாது. இரண்டு ஓரங்களிலும் கீழும் மேலுமாக அறைகள். மேலறைகள் கீழ்ச்சுவரைத் தாண்டி வாசல் பக்கம் சற்று நீண்டு நிற்கும். ஆனால் மூன்று பங்குக்கும் சேர்த்துக் கூரை ஒன்றுதான், இறவாணம் என்கிற கூரையின் கீழ்விளிம்பு ஒரே நேர்கோடு. ஆகவே நடுக்கூடத்தின் முன்சுவர் மட்டும் உள்வாங்கி நிற்கும். அந்த இடத்தில் இறவாணத்தைத் தாங்க இரண்டு பக்கமிருந்தும் வளைந்த கட்டைகள் வரும். மரத்தின் இயற்கையான வளைவைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அறுத்த கட்டைகள். படத்தில் பார்த்தாலே அந்த வீட்டுக்கு ஒரு முகம் இருப்பது தெரியும்.

சுவர் அங்கே பாரம் தாங்குவதில்லை. பாரம் முழுவதும் ஓக் மரச்சட்டத்தின் மேல். ஒன்றில் ஒன்றைச் செருகி மரமுளை அடித்த பொருத்துகள். சட்டத்துக்கு இடையே குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு. புகைபோக்கி இந்த வகை வீடுகளில் ஆரம்பத்தில் கிடையாது. கூடத்தின் நடுத்தரையில் நெருப்பு மூட்டுவார்கள், புகை மேலேறிக் கூரை வழியாகக் கசிந்து போகும். நூற்றாண்டுகள் கழித்தும் முகட்டுக் கட்டைகள் கரியேறிக் கறுத்திருப்பதைப் பார்க்கலாம்.

கூடத்தில் செதுக்கிய ஓக் இலை ஒன்று இருக்கிறது. டிரஸ்டின் ஓக் இலைச் சின்னம் அதிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்வார்கள்.

---

மயிலை_வாசகி

அக்கா, அந்த வீட்டுத் தரையைப் பற்றி நீங்கள் சொல்லவில்லையே! சுண்ணக்கல்லை இடித்துக் கெட்டித்து, மேலே புளித்த பால் ஊற்றின தரை என்று படித்தேன். பால் ஊற்றினால் எறும்பு மொய்க்காதா, நாற்றம் வராதா?

---

சுண்ணாம்புக்_கலயம்

வராது வாசகி. அந்தப் பக்கத்து மலையே வெள்ளைச் சுண்ணக்கல்தான், காலடியில் கிடைப்பதைக் கொண்டு தரை போட்டிருக்கிறார்கள். பால் புளிக்கும்போது அதிலிருக்கிற கேசீன் என்ற புரதம் திரியும். அது சுண்ணத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் எளிதில் கரையாத பசையாக இறுகும். தூசி எழும்பாது, நடந்து நடந்து மெருகும் ஏறும். மரவேலையில் ஒரு காலத்தில் கேசீன் பசை சர்வ சாதாரணம்.

இதை ஏதோ வெள்ளைக்காரர்களின் விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்திருப்பீர்கள், கண்ணாடி மாதிரி வழுவழு என்றிருக்கும். சுண்ணாம்பும் நைசான மணலும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து எடுத்த பூச்சு. அங்கே பால் புரதம், இங்கே முட்டைப் புரதம். ஒருவரை ஒருவர் கேள்விப்படாத கொத்தனார்கள் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். எனக்கு இதை நினைத்தாலே அவ்வளவு சந்தோஷம்.

---

அசோக்நகர்_ஏ.இ.

நான் கட்டுமானத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஒரு அறக்கட்டளை, பின்னால் நன்கொடை தர ஆயிரக்கணக்கானவர்கள். நம்ம ஊர்ச் சேகரத்தில் காணிக்கைப் பணம், அதுவும் பனையேறியும் பீடி சுற்றியும் வெளிநாட்டில் கூலி வேலை செய்தும் ஜனங்கள் கொடுக்கிற பணம். மெட்ராஸ் டெர்ரஸ் ஒழுக ஆரம்பித்தால் நிற்காது. கட்டையில் கரையான். உயரமான கூரை, பெரிய அறை என்று நாம் சிலாகிக்கிறோம், ஆனால் அங்கே குடியிருந்த அம்மாவைக் கேளுங்கள். சமையல்கட்டு தனியாக, குளியலறை எங்கேயோ, மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு சாதம் எடுத்து வர வேண்டும். குருவானவர் குடும்பத்துக்கு வசதியான வீடு கேட்க உரிமை இல்லையா? இடித்துவிட்டு கான்கிரீட் போட்டால் அடுத்த தலைமுறைக்குக் கவலையில்லை.

ஆல்ஃப்ரிஸ்டன் கூரையைப் பார்த்து நாமும் கூரை வேய்வோம் என்று யாராவது கிளம்பினால் இன்னும் ஆபத்து. 2004இல் கும்பகோணத்தில் பள்ளிக் கூரை பற்றியெரிந்து 94 பிள்ளைகள் போனார்கள். அந்த ஞாபகம் எனக்கு இன்னும் இருக்கிறது.

---

ராயபுரம்_படகு

ஏ.இ. சார் தீயைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இங்கிலாந்துக் குருமனைகளுக்கும் அதே கதை உண்டு. லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்ற ஊரில் மரச்சட்டமும் கூரையுமாக இருந்த குருமனை 1709இல் எரிந்துபோனது. மாடியில் சிக்கிக்கொண்ட ஐந்து வயசுப் பையனை ஜன்னல் வழியாகத்தான் இறக்கினார்கள். அந்தப் பையன்தான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. பிறகு அந்த இடத்தில் செங்கல்லிலேயே கட்டினார்கள், அந்த வீடு இன்றும் இருக்கிறது. பார்த்தால் நெற்றிக்கு நேராக ஜன்னல்கள் வரிசை வைத்த கட்டுக்கோப்பான வீடு, ஆல்ஃப்ரிஸ்டனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குருமனை என்றால் ஒரே அச்சு என்று ஒன்று கிடையாது, அந்தந்தக் காலத்தில் ஊரில் என்ன கிடைத்ததோ அதுதான்.

ஆனால் சார், தேரிக்காடு தம்பி கேட்டது கூரை வீடு இல்லை. செங்கல், சுண்ணாம்பு, தேக்கு. அதைக் கூரையோடு சேர்க்க வேண்டாம்.

இன்னொன்று. இடையன்குடியில் கால்டுவெல் வாழ்ந்த வீட்டை அரசு நினைவில்லமாக வைத்திருக்கிறது. 1838இல் சென்னையில் வந்திறங்கியவர், 1841இல் இடையன்குடிக்குப் போய் ஆயுசில் பெரும்பகுதியை அந்த மணல்காட்டிலேயே கழித்தார். அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அவர் கட்டின ஆலயம் 1880இல் பிரதிஷ்டை ஆனது, அவரை அடக்கம் பண்ணியதும் அதில்தான். அவர் மனைவி எலைசா ஊர்ப் பெண்களுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். கிராமத்துக் குருமனை ஒன்று தமிழ்நாட்டில் நின்றதற்கு இது ஒரு முன்மாதிரி இல்லையா?

---

பெரம்பூர்_தேரிக்காடு

அண்ணே, இடையன்குடி எங்களுக்குப் பக்கம்தான், சிறு வயதிலிருந்து போய் வந்த இடம். அதை வைத்திருப்பதில் எனக்குப் பெருமை. ஆனால் அது கால்டுவெல்லுக்காக நிற்கிறது. பெரிய பெயர் ஒன்று குடியிருந்தால்தான் வீடு தப்பும் என்றால், எங்கள் ஊர் வீட்டுக்கு வழியே இல்லை. அங்கே இருந்தவர்கள் எல்லாம் ஞானஸ்நானம் கொடுத்து, கல்யாணம் நடத்தி, அடக்கம் பண்ணி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த சேகரத்துக்கு மாறிப்போனவர்கள். எங்கள் தாத்தா பெயர் பள்ளியில் சேர்த்தது அந்த வராண்டாவில். வாய்க்கால் தகராறு தீர்ந்தது அந்த வராண்டாவில். காலரா வந்தபோது மருந்து கொடுத்தது அங்கேதான் என்று பாட்டி சொல்வாள். ஆல்ஃப்ரிஸ்டனை நான் இழுத்து வந்ததே அதற்காகத்தான். பெயர் தெரியாதவர்கள் வாழ்ந்த வீட்டையும் ஒரு நாடு மதித்து வைத்துக்கொள்ளலாம் என்று அது காட்டுகிறது.

ஏ.இ. சார், அம்மா பட்ட சிரமத்தை நான் மறுக்கவில்லை. ஐயா குடும்பம் திரும்ப அங்கே குடியேற வேண்டும் என்றும் கேட்கவில்லை. புது வீடு கட்டிக் கொடுத்தாகிவிட்டது. காலியாக நிற்கிறதை ஏன் இடிக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. மண்டபம் கட்ட வளாகத்திலேயே வேறு இடம் கிடக்கிறது.

---

சுண்ணாம்புக்_கலயம்

ஏ.இ. சார், ஒழுக ஆரம்பித்தால் நிற்காது என்றீர்கள். ஏன் ஒழுகுகிறது என்று பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வரலாம்.

மெட்ராஸ் டெர்ரஸ் எப்படிப் போடுவார்கள் என்று அடுக்கு அடுக்காகச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம், அதன் மேல் நெருக்கமாகக் கட்டைகள். கட்டைகளின் மேல் அச்சுக்கல் என்கிற மெல்லிய சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக, மூலைவாட்டில் வரிசையாக நிறுத்துவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான அடுக்கு. இதைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்காகத் தட்டுவார்கள். தட்டத் தட்டக் கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளிப்பார்கள். கடைசியில் தட்டோடு. சிமென்ட் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் நூறு வருஷத்துக்கு மேல் நின்ற தளங்கள் சென்னையிலேயே எத்தனையோ.

இது ஒழுகுகிற இடம் பெரும்பாலும் தளத்தின் நடுவே இருக்காது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்கிற மூலையில், அல்லது தண்ணீர் போகிற தூம்பு அடைத்துக்கொண்ட இடத்தில் இருக்கும். அரசங்கன்று ஒன்று முளைத்திருக்கும், யாரும் பிடுங்கியிருக்க மாட்டார்கள். வேர் உள்ளே போய்ச் சாந்தைப் பிளக்கும். தண்ணீர் அந்த வழியாக இறங்கிச் சுவருக்குள் செருகியிருக்கிற கட்டை முனையை நனைத்துக்கொண்டே இருக்கும். கட்டை நடுவில் கல் மாதிரி இருக்கும், முனை மட்டும் மக்கியிருக்கும். கரையானும் அங்கேதான் முதலில் ஏறும்.

அடுத்து வருகிறவர் என்ன செய்வார்? மேலே சிமென்ட் பூசுவார், சுவரிலும் சிமென்ட் பூசுவார். கெடுவது அங்கேதான். பழைய செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே ஈரம் நிற்கும், உப்புப் பூக்கும், செங்கல் பொரிந்து மாவாக உதிரும். அப்புறம் "பாருங்கள், பழைய சுவர், தாங்கவில்லை" என்பார்கள்.

ஆல்ஃப்ரிஸ்டனில் பழுதுபார்த்தவர் ஆல்ஃபிரட் பவல் என்ற கட்டடக் கலைஞர். 1877இல் வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைச் சேர்ந்தவர். அந்தச் சங்கத்தின் பிடிவாதம் ஒன்றுதான்: புதுசு போல ஆக்காதே, கெட்டதை மட்டும் சரி செய், தொடர்ந்து கவனி. நான் வேலை செய்கிற இடத்தில் எல்லாம் இதைத்தான் கடைப்பிடிக்கப் பார்க்கிறேன்.

---

அசோக்நகர்_ஏ.இ.

கட்டை முனை விஷயம் உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மா, இந்த வேலை தெரிந்த கொத்தனார் எங்கே? சுண்ணாம்பு ஊறவைத்து அரைக்கத் தெரிந்த மேஸ்திரி திருநெல்வேலி கிராமத்துக்கு வருவாரா? சிமென்ட் மூட்டை தெருமுனையில் கிடைக்கிறது.

---

மயிலை_வாசகி

சார், சேப்பாக்கத்தைப் பாருங்கள். 2012 தீ விபத்தில் சிதைந்த கலச மகால், அதன் பிறகு பக்கத்திலிருக்கிற ஹுமாயூன் மகால், இரண்டையும் நம்ம பொதுப்பணித் துறையே சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று பழைய முறையில் மீட்டது. அப்படியானால் கைகள் இன்னும் இருக்கின்றன. வேலை கொடுத்தால்தான் அந்தக் கைகளும் நிற்கும். சென்னையிலாவது நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த பாரம்பரியக் கட்டடப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. கிராமத்துக் கட்டடத்துக்கு அந்த நிழல்கூட இல்லை. ஊர்க்காரர்கள் வேண்டும் என்று சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் ஒரே நாளில் ஜேசிபி வந்துவிடும்.

தேரிக்காடு, அந்த வீட்டில் என்ன நடத்தலாம் என்று யோசித்தீர்களா? பூட்டி வைத்தால் எப்படிப்பட்ட வீடும் போய்விடும்.

---

பெரம்பூர்_தேரிக்காடு

யோசித்தேன். வராண்டாவையும் முன்னறையையும் பிள்ளைகளுக்கு மாலைப் படிப்புக்குக் கொடுக்கலாம். இப்போது அவர்கள் கோயில் படியில் தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரு அறையில் பழைய பதிவேடுகள். 19ஆம் நூற்றாண்டு ஞானஸ்நானப் பதிவுகள் ஒரு தகர அலமாரியில் கிடக்கின்றன, வெளியூரிலிருந்து வேர் தேடி வருகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். பின்னால் இருக்கிற சமையல்கட்டு அசனத்துக்கு, அதாவது ஆலயத்தின் பொது விருந்துக்கு, பயன்படும்.

மூன்று மணி வெயிலில் அந்த முன்னறைக்குள் போனவர்களுக்குத் தெரியும். சுவர் முழங்கை நீளத்துக்கு மேல் தடிமன். கூரையை ஒட்டி மேலே சின்னச் சின்ன ஜன்னல்கள், கயிறு இழுத்தால் திறக்கும். சூடு மேலேறி அந்த வழியாகப் போய்விடும். வராண்டா ஆழமாக இருப்பதால் வெயில் அறைச் சுவரைத் தொடுவதே இல்லை. கான்கிரீட் மண்டபத்தில் அதே நேரத்தில் மின்விசிறி அனல்காற்றைத்தான் சுற்றும்.

---

ராயபுரம்_படகு

கமிட்டியிடம் "பாரம்பரியம்" என்று ஆரம்பிக்காதீர்கள் தம்பி. செலவில் ஆரம்பியுங்கள். இடிக்கிற கூலி, குப்பை அள்ளுகிற செலவு, புது மண்டபத்துக்கு மதிப்பீடு ஒரு பக்கம். ஒழுகுகிற ஒரு அறைக்குப் பழுது பார்க்கிற செலவு மறுபக்கம். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். அப்புறம் அந்தத் தேக்கு மேல் யாருக்குக் கண் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இடிக்கிறவர்கள் இலவசமாக இடித்துத் தருகிறோம் என்றால் கட்டைக்காகத்தான்.

சென்னையில் இருக்கிற உங்கள் ஊர்க்காரர்கள் சேர்ந்து, பழுது பார்க்க மட்டும் என்று எழுதி நன்கொடை கொடுக்கலாமே. பெய்னன் செய்ததும் அதுதானே, ஊருக்கு வெளியே ஆள் தேடினார்.

---

பெரம்பூர்_தேரிக்காடு

சரி அண்ணே. கொளத்தூர், வியாசர்பாடி பக்கம் எங்கள் ஊர்க் குடும்பங்கள் இருக்கின்றன. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பேசுகிறேன். பழுதுக்கு மட்டும் என்ற கடிதத்தை இங்கேயே எழுதிப் போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.

அக்கா, ஊருக்குப் போகும்போது நான் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

---

சுண்ணாம்புக்_கலயம்

ஒழுகுகிற அறைக்குள் ஏணி போட்டு, ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் போகிற இடத்தில் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்கிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்துங்கள். நுனி மட்டும் இறங்கினால் பரவாயில்லை. விரல் கணுவுக்கு மேல் இறங்கினால் அந்தக் கட்டைக்குக் கீழே முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. முனை மட்டும் போயிருந்தால் கட்டை முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை. மக்கினதை வெட்டிவிட்டு இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு நீட்டலாம். எந்தக் கட்டை எந்த நிலையில் என்று சாக்பீஸால் எண் போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மாடியில் அரசங்கன்று இருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், சாந்தோடு பெயர்ந்து வரும். அடியில் வெட்டிவிட்டு வேரை அப்படியே விடுங்கள், அதை எப்படிக் கொல்வது என்று பிறகு சொல்கிறேன்.

---

அசோக்நகர்_ஏ.இ.

நானும் ஒன்று சேர்க்கிறேன். ஒழுகலைக் கண்டுபிடிக்கிறோம் என்று மாடியில் தண்ணீர் தேக்கிச் சோதிக்கச் சொல்வார்கள். விடாதீர்கள். கட்டை முனை எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது. தூம்புகளைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரு மழையில் எந்த மூலை முதலில் நனைகிறது என்று உள்ளேயிருந்து பார்த்தாலே போதும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் போகிறீர்கள் என்றால் தேதியைச் சொல்லுங்கள் தம்பி. எனக்கு நெல்லையில் மகள் வீடு இருக்கிறது, நானும் வந்து மதிப்பீடு போட்டுத் தருகிறேன். இடிப்பதற்கு ஒன்று, பழுது பார்ப்பதற்கு ஒன்று, இரண்டும் போடுவேன். கமிட்டி இரண்டையும் பார்க்கட்டும்.